கணக்கில் வராத தோட்டம்

ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் தில்லியைப் பார்க்க வருகிறவர்கள், இந்த ஊர்க்காரர்கள் அத்தனை பேருக்கும் தோட்டக்கலை கைவந்திருக்கிறது என்ற முடிவோடுதான் ஊர் திரும்புவார்கள். ரவுண்டானாக்களில் பெட்டூனியா, அரசு அலுவலக வாசல்களில் டாலியா, காலனி பூங்காக்களில் பேன்சி என்று எங்கே திரும்பினாலும் பூ. குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டத்தையும் இந்தப் பருவத்தில் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். (முகலாயத் தோட்டம் என்று இருந்த பெயர் 2023 ஜனவரியில் அமிர்த உத்யான் ஆனது.)

அதே ஆள் ஏப்ரல் கடைசியில் வந்து பார்க்க வேண்டும். பூத்ததெல்லாம் காய்ந்து, பிடுங்கி எறியப்பட்டு, பாத்திகள் வெறும் மண்ணாகக் கிடக்கும். அக்டோபரில் நாற்று வாங்கி நட்டு, மார்ச்சில் ரசித்து, ஏப்ரலில் தூக்கி எறிகிற தோட்டம் இது. வருடத்தில் பாதி நாள்கூட அதற்கு ஆயுள் இல்லை. அடுத்த அக்டோபரில் மீண்டும் பணம், மீண்டும் நாற்று.

இந்த வாரம் நான் சொல்ல வந்தது இன்னொரு தோட்டத்தைப் பற்றி. ஒரு முறை வேர் பிடித்துவிட்டால் பத்து வருடம், இருபது வருடம் இருக்கும் செடிகளால் ஆன வீட்டுத் தோட்டம். மல்லிகை, பவளமல்லி, செம்பருத்தி, ரோஜா, கல்வாழை, காகிதப்பூ, இரங்கூன் மல்லி, மூலையில் ஒரு கறிவேப்பிலை. யாரும் படம் பிடிக்காத தோட்டம்.

ஆங்கிலத்தில் இவற்றுக்குப் 'பெரென்னியல்' என்று பெயர். மொழிபெயர்க்கும்போது 'பல்லாண்டுத் தாவரம்' என்று எழுதுகிறோம். தமிழில் பல்லாண்டு என்றாலே வாழ்த்துத்தான். ஒரு செடி வகைக்கு இதைவிட நல்ல பெயர் கிடைக்காது. ஆனால் சொல்லோடு கூடவே ஒரு சிக்கலும் வந்து சேர்கிறது. இங்கிலாந்தில் எழுதப்பட்ட தோட்டப் புத்தகங்களில் பெரென்னியல் என்பது பெரும்பாலும் குளிர்காலத்தில் மண்ணோடு மண்ணாக மடங்கி, வசந்தத்தில் மறுபடி முளைக்கும் மென்தண்டுச் செடி. அந்தப் புத்தகம் சொல்லும் நாள்காட்டியை வைத்துக்கொண்டு இந்தியச் சமவெளியில் தோட்டம் போட்டால், எதைச் செய்தாலும் மூன்று மாதம் தள்ளித்தான் போகும்.

இலையுதிர் காலத்தையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலப் புத்தகத்தில் அது அக்டோபர். தில்லியில் அரசும் வேம்பும் இலையைக் கொட்டுவது பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. அதாவது வசந்தமும் இலையுதிர்வும் இங்கே ஒரே சமயத்தில் நடக்கின்றன. ஒரு கிளையில் சருகு, பக்கத்துக் கிளையில் செந்தளிர்.

தொல்காப்பியர் சொன்ன ஆறு பெரும்பொழுதுகளைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தபோது, கூதிருக்கும் முன்பனிக்கும் என்ன வித்தியாசம் என்று எங்களில் பலருக்கு விளங்கியதில்லை. சென்னையில் வளர்ந்தவனுக்கு எப்படி விளங்கும்? தில்லியில் ஒரு வருடம் செடி வளர்த்தால் ஆறும் தனித்தனியாகத் தெரிந்துவிடும். மாதக் கணக்குதான் நம் ஊருக்கும் இந்த ஊருக்கும் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும்.

இங்கே தோட்டத்து வருடம் ஏப்ரலில் பிறப்பதில்லை, அக்டோபரில் பிறக்கிறது. மழை ஓய்ந்து, வெயிலின் கடுமை குறைந்து, இரவில் லேசாகக் குளிரும் நேரம். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் ரோஜாவைக் கவாத்து செய்ய வேண்டும். காய்ந்த குச்சி, உள்நோக்கி வளர்ந்த குச்சி, ஒன்றோடு ஒன்று உரசும் குச்சி எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, நல்ல தண்டுகளை முழங்கால் உயரத்துக்கு, வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்குச் சற்று மேலே, சாய்வாக வெட்ட வேண்டும். வெட்டிய நாளிலிருந்து ஏறக்குறைய 45 முதல் 60 நாளில் பூ வரும். வடநாட்டில் ரோஜா வளர்க்கிறவர்கள் நன்றியோடு நினைக்க வேண்டிய ஒரு பெயர் உண்டு: பி.பி. பால். கோதுமை ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர், இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் தலைமை இயக்குநர். மிச்ச நேரத்தில் புதிய ரோஜா ரகங்களை உருவாக்கினார். 'இந்தியாவில் ரோஜா' என்று ஆங்கிலத்தில் ஒரு புத்தகமும் எழுதினார். நாட்டின் சோற்றுக்கவலையைச் சுமந்தவருக்கு ரோஜாவுக்கும் நேரம் இருந்திருக்கிறது.

அதே அக்டோபரில் பவளமல்லி கடைசிச் சுற்றுப் பூவை உதிர்த்துக்கொண்டிருக்கும். இரவில் மலர்ந்து விடிவதற்குள் உதிர்ந்துவிடும் பூ. கூட்டுகிறவர் வருவதற்கு முன் எழுந்தால்தான் பார்க்க முடியும். செவ்வந்திக்கு இது மொட்டுக் காலம். பகல் பொழுது குறுகினால்தான் அது மொட்டு விடும். அதனால் நவம்பர், டிசம்பரில் பூக்கும்.

அடுத்து பனி. 2021 புத்தாண்டு தினத்தன்று தில்லி சஃப்தர்ஜங் நிலையத்தில் பதிவான குறைந்தபட்ச வெப்பநிலை 1.1 டிகிரி. இந்தக் குளிரில் செம்பருத்தி இலை பழுத்துச் சுருளும், கறிவேப்பிலை மொட்டையாகும், காகிதப்பூ ஒடுங்கும். இங்கேதான் பல நல்ல செடிகள் அநியாயமாக உயிர் இழக்கின்றன. பட்டுப்போய்விட்டது என்று பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. கருகிய நுனிகளையும் உடனே வெட்டக் கூடாது. அவைதான் கீழே உள்ள மொட்டுகளுக்குப் போர்வை. பிப்ரவரியில் தளிர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த பிறகு கத்தரிக்கோலை எடுத்தால் போதும். தண்ணீரையும் குறைத்து, வெயில் ஏறிய பிறகு ஊற்ற வேண்டும்.

மல்லிகைக்கு மட்டும் விதிவிலக்கு. தமிழ்நாட்டில் நவம்பர் கடைசியில் கவாத்து செய்வார்கள். தில்லியில் ஜனவரி பாதிக்கு மேல்தான். தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டி, இலையை உருவி, தொழுஉரம் வைத்தால் ஏப்ரலில் மொட்டு எட்டிப்பார்க்கும். மொட்டையாக நிற்கும் புதரைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் அனுதாபம் தெரிவிப்பார்கள். கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

பிப்ரவரி, மார்ச்சில்தான் புதுப்பிக்கும் வேலை. கோயில்களுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்துவது வழக்கம். பல்லாண்டுச் செடிகளுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. கல்வாழை மூன்று, நான்கு வருடத்தில் கிழங்கு நெருங்கி, நடுவில் பூ குறைந்து, ஓரத்தில் மட்டும் செழிக்கும். தோண்டி எடுத்து, மொட்டுள்ள துண்டுகளாக நறுக்கி, மண்ணை இரண்டு சாண் ஆழத்துக்குக் கொத்தி, மக்கிய எருவும் வேப்பம்புண்ணாக்கும் கலந்து திரும்ப நட வேண்டும். மிஞ்சுகிற துண்டுகள் பாதித் தெருவுக்குக் காணும்.

முதிர்ந்த செம்பருத்தி, அடர்ந்துபோன இரங்கூன் மல்லி போன்றவற்றை ஒரே நாளில் அடியோடு வெட்டிவிடக் கூடாது. முதல் வருடம் மூன்றில் ஒரு பங்கு பழைய தண்டுகள், அடுத்த வருடம் இன்னொரு பங்கு, மூன்றாம் வருடம் மீதி. மூன்று வருடத்தில் செடி முழுவதும் புதிதாகிவிடும். ஆனால் ஒரு நாள்கூட அது இல்லாமல் போயிருக்காது.

இரங்கூன் மல்லியைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. மாலையில் வெள்ளையாக மலர்ந்து, மறுநாள் இளஞ்சிவப்பாகி, அதற்கடுத்து அரக்குச் சிவப்பாகும் கொடி இது. இந்திக்காரர்கள் மதுமாலதி என்கிறார்கள். தாவரவியலில் அதன் பழைய லத்தீன் பெயர் 'குவிஸ்குவாலிஸ்'. அதற்குப் பொருள் 'யார்? என்ன?' என்பதுதான். இப்படி ஒரு குழப்பத்தையே பெயராக வைக்கும் தைரியம் மொழிபெயர்ப்பாளர்களுக்கு வருவதில்லை.

உதிரும் சருகை என்ன செய்வது? தில்லியில் அதை ஓரமாகக் குவித்துக் கொளுத்துவது நெடுநாள் வழக்கம். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015 ஏப்ரலில் திறந்தவெளியில் குப்பையும் இலையும் எரிப்பவர்களுக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று உத்தரவிட்டது. அபராதத்துக்குப் பயந்து வேண்டாம், செடிக்காகவாவது எரிக்காதீர்கள். ஒரு மூலையில் கம்பி வலையை வட்டமாகக் கட்டி, சருகைப் போட்டு, அவ்வப்போது நனைத்து, இடையிடையே ஒரு கூடை மண்ணும் பழைய சாணமும் தூவி வந்தால், மழைக்காலம் முடியும்போது அடியில் கறுப்பாக இலைமக்கு இருக்கும். யமுனை வண்டல் மண்ணில் காரத்தன்மை அதிகம், நிலத்தடி நீரிலும் உப்பு உண்டு. இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிகிறதே, அது பல வீடுகளில் இதன் விளைவுதான். இலைமக்குதான் அதற்கு மலிவான வைத்தியம்.

பிறகு அந்த மூன்று மாதம். ஏப்ரல் பாதியிலிருந்து பருவமழை வரும் வரை தோட்டக்காரருக்கு ஒரே வேலைதான்: இருப்பதைச் சாகவிடாமல் காப்பது. புதிதாக எதையும் நடக் கூடாது, எதையும் வெட்டக் கூடாது, ரசாயன உரம் கூடவே கூடாது. செடியைச் சுற்றி நான்கு விரல் கனத்துக்குச் சருகைப் பரப்பி மண்ணை மூட வேண்டும். விடியற்காலையில் வேர் நனையும்படி ஆழமாக ஊற்ற வேண்டும். தினமும் மேலாகத் தெளிப்பதைவிட ஒரு நாள் விட்டு ஒரு நாள் நன்றாக ஊற்றினால் வேர் கீழே இறங்கும். தரையில் பிடித்த காகிதப்பூவுக்கு இந்தக் கவலையே இல்லை. தண்ணீர் குறைந்தால்தான் அது பூக்கும். தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி. தோட்டத்தில் பாதிப் பேர் இப்படி வந்தவர்கள்தான். கல்வாழையும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு, செவ்வந்தி சீனாவிலிருந்து வந்தது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 பூக்களின் பட்டியலில் காகிதப்பூவுக்கும் கல்வாழைக்கும் இடமில்லை. பிழைக்க வந்த இடத்தில் வேர்விடுவது எப்படி என்று தில்லித் தமிழர்களுக்குச் சொல்லித் தர வேண்டுமா என்ன?

2024 மே 29 அன்று சஃப்தர்ஜங்கில் 46.8 டிகிரி பதிவானது. 79 வருடங்களில் அந்த நிலையம் காணாத வெப்பம். சரியாக ஒரு மாதம் கழித்து, ஜூன் 28 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் அதே நிலையத்தில் 228.1 மில்லிமீட்டர் மழை. வெந்து தணிந்த செடிகள் ஒரே இரவில் தண்ணீரில் நின்றன. 1.1 டிகிரிக்கும் 46.8 டிகிரிக்கும் நடுவில் உள்ள தூரத்தை ஒரே இடத்தில் நின்றபடி தாண்ட வேண்டியிருக்கிறது இந்தச் செடிகளுக்கு. நாம் போர்வைக்கும் கூலருக்கும் மாறிக்கொள்கிறோம்.

எனவே பாத்தியை வழியைவிட ஒரு கைப்பிடி உயரமாக அமைத்து, நீர் வடிய வாய்க்கால் விட வேண்டும். மழைக்காலம்தான் பெருக்குவதற்கு ஏற்றது. மல்லிகைக் கொடியை வளைத்து மண்ணுக்குள் பதியம் போடலாம். செவ்வந்தியைக் கிள்ளி நட்டால் வேர் பிடிக்கும். பவளமல்லியின் விதையே முளைக்கும். கறிவேப்பிலையின் அடியில் வேர்க்கன்றுகள் தாமாகவே வரும். முருங்கைக்கு ஒரு போத்து போதும். செம்பருத்தியில் வெள்ளையாக அப்பிக்கொள்ளும் மாவுப்பூச்சியையும் இப்போது கவனிக்க வேண்டும். எறும்பு ஏறுகிறதா என்று பார்த்தாலே பூச்சி இருப்பது தெரிந்துவிடும். சோப்புக் கரைசலில் சில துளி வேப்பெண்ணெய் கலந்து மாலையில் அடித்தால் கட்டுப்படும்.

இவ்வளவு சொன்னாலும், பழைய தோட்டம் உள்ள வீட்டுக்குக் குடிபோகிறவர்களுக்கு என் முதல் யோசனை எதையும் செய்யாதீர்கள் என்பதுதான். ஒரு முழு வருடம் வெறுமனே பாருங்கள். குளிர்காலத்தில் வெற்று மண்ணாகத் தெரியும் இடத்தில் கோளக லில்லியின் கிழங்கு உறங்கிக்கொண்டிருக்கலாம். வெயில் கொளுத்தும் மே மாதத்தை ஒட்டி, இலைகூட இல்லாமல், சிவப்புப் பந்துபோல ஒரே ஒரு பூ எழும்பும்போதுதான் அங்கே ஒரு ஆள் இருப்பது தெரியும். முதல் மழைக்கு நாலு நாள் கழித்து வேலியோரம் முழுக்க மழை லில்லி பூத்து நிற்கும். யார் வைத்தது என்று கேட்டால் சொல்ல ஆள் இருக்காது.

எங்கள் பகுதிக்கு வரும் மாலி வருடா வருடம் ஒரே ஆலோசனையைத்தான் சொல்கிறார். "பாபுஜி, இதெல்லாம் கிழடாகிவிட்டது. எடுத்துவிட்டு சீசன் பூ வைத்துவிடலாம்." அவரைக் குறை சொல்ல முடியாது. நாற்று விற்றால்தான் அவருக்குக் காசு. இருபது வருடம் நிற்கும் மல்லிகையால் அவருக்கு என்ன வருமானம்? அதனால் பழைய செடியைக் கவாத்து செய்யும் நாளுக்கு, நாற்று விற்றால் கிடைக்கும் லாபத்தைவிடக் கூடுதலாகக் கூலி தருவது என்று எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். இப்போது அவருடைய அபிப்பிராயத்தில் செடிகளுக்கு வயது கொஞ்சம் குறைந்திருக்கிறது.

இந்தச் செடிகளுக்கு உண்மையான ஆபத்து மாலியால் வருவதில்லை, பனியாலும் வருவதில்லை. தில்லியின் தரைத்தள வீடுகளில் மண்ணே மிச்சமில்லாமல் போகிறது. கார் நிறுத்த சிமெண்ட், சேறு படாமல் இருக்க டைல்ஸ், பழைய வீட்டை இடித்து நாலு மாடி கட்டினால் கீழே முழுக்கத் தூண்கள். மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்காவது சிமெண்டை அகற்றுங்கள் என்று பசுமைத் தீர்ப்பாயம் 2013லேயே சொல்ல வேண்டியிருந்தது.

சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் உள்ளிட்ட ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட 2016ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2018 ஜூனில், வெட்டப்பட இருந்த ஆயிரக்கணக்கான மரங்களுக்காக மக்கள் தெருவில் இறங்கினார்கள். மரங்களைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். உயர் நீதிமன்றம் தடை விதித்தது. நியாயமான போராட்டம். ஆனால் அந்தக் கணக்கில் வந்தவை மரங்கள் மட்டுமே.

1994ஆம் வருட தில்லி மரப் பாதுகாப்புச் சட்டம் மரம் என்றால் என்ன என்பதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறது. தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் தண்டின் விட்டம் 5 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். மொத்த உயரம் ஒரு மீட்டராவது இருக்க வேண்டும். வயது வந்த பவளமல்லி இந்தப் பரீட்சையில் தேறிவிடும். முப்பது வருட மல்லிகைப் புதர் தேறாது. கல்வாழையும் லில்லியும் மனுப் போடவே தகுதியற்றவை. அவற்றை அகற்ற யாருடைய அனுமதியும் வேண்டாம், எந்தப் பதிவேட்டிலும் எழுத வேண்டாம்.

அந்தக் குடியிருப்புகளின் தரைத்தள வீடுகளில் மத்திய அரசு வேலைக்காக வந்த தமிழ்க் குடும்பங்கள் பல இருந்தன. கொல்லையில் கறிவேப்பிலை, முருங்கை, வாசலில் மல்லிகை. மாற்றல் வந்தால் போய்விட வேண்டிய வீட்டில் இருபது வருடம் நிற்கும் செடியை வைத்தார்கள். அடுத்து வந்தது பஞ்சாபியோ வங்காளியோ, அவர்கள் தண்ணீர் ஊற்றினார்கள். வங்காளிக்குப் பவளமல்லி துர்கா பூஜைப் பூ, பஞ்சாபிக்குக் கறிவேப்பிலை என்ன என்றே தெரியாவிட்டாலும் விட்டு வைத்தார். ஒருவர் வைத்ததை இன்னொருவர் காப்பாற்றுவது என்ற இந்த ஏற்பாட்டுக்கு எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை. ஒரு துண்டு மண் இருந்தால் போதுமானதாக இருந்தது.

இடிப்பதற்கு முன் காலி செய்கிறவர்கள் பீரோவையும் கட்டிலையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். சிலர் பதியன்களையும் தொட்டியில் எடுத்துப் போயிருப்பார்கள். எடுத்துப் போகாதவற்றின் எண்ணிக்கை எங்கும் இல்லை.

உங்கள் வீடோ பக்கத்து வீடோ இடிபடப் போகிறதா? நீங்கள் மாற்றலாகிப் போகிறீர்களா? முந்தின மழைக்காலத்திலேயே பதியம் போட்டுவிடுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் வேர் பிடிக்கும். ஒன்றை நீங்கள் எடுத்துச் செல்லுங்கள். இரண்டை அக்கம்பக்கத்தில், மண் உள்ள வீடாகப் பார்த்துக் கொடுங்கள். கொடுக்கும்போது அது எப்போது பூக்கும், எந்த மாதம் வெட்ட வேண்டும் என்பதைத் துண்டுக் காகிதத்தில் எழுதித் தாருங்கள். அவர்களுக்குப் புரியும் மொழியில் எழுதுங்கள்.